மினிக்காய்த் தீவும் நம் வீட்டு மாசியும்

நம் கடற்கரை ஊர்களின் அடுக்களைகளில் மாசிக்குத் தனியிடம் உண்டு. மரக்கட்டை போலக் கறுத்து இறுகிய அத்துண்டை அம்மியில் வைத்துத் தட்டி, தேங்காய்த் துருவலும் மிளகாயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் கூட்டிச் சம்பலாக்கி உண்டு வளர்ந்தவர் நம்மில் பலர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல் கடந்த இலங்கையிலும் மாசியின்றிச் சில கறிகள் கறிகளாகவே கருதப்படுவதில்லை. ஆயினும் அம்மாசியை ஆக்கித் தருபவர் யாவர், அவர்தம் வாழ்வு எத்தகையது என்று நாம் வினவியது அரிது. மாலத்தீவிலிருந்து வருவது என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவோம். மாலத்தீவு மாசியோடு ஒத்த மாசியை நம் இந்திய நாட்டுத் தீவொன்றும் நெடுங்காலமாக ஆக்கி வருகிறது என்பதும், அதன் சரக்குத் தூத்துக்குடிச் சந்தைக்கு வந்து சேர்கிறது என்பதும் பலர் அறியாதவை. மினிக்காய் எனப்படும் அத்தீவின் வாழ்வையும் மரபையும் இக்கட்டுரையில் ஒருவாறு காண முயல்வோம்.

இருப்பும் பெயரும்

இலட்சத்தீவுக் கூட்டத்துள் மக்கள் வாழும் தீவுகள் 10. அவற்றுள் தென்கோடியில் தனித்துக் கிடப்பது மினிக்காய். கொச்சியிலிருந்து இதன் தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தன் இனத் தீவுகளிலிருந்தும் இது விலகியே நிற்கிறது. வடக்கே உள்ள கல்பேனித் தீவுக்கும் இதற்கும் இடையே ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடல் 200 கிலோமீட்டர் அளவிற்குப் பரந்து கிடக்கிறது. தெற்கே எட்டுப் பாகைக் கால்வாயைக் கடந்தால் மாலத்தீவின் வடகோடித் தீவுகள். அவை கல்பேனியைக் காட்டிலும் அண்மையில் உள்ளன. இவ்விருப்பே இத்தீவின் வரலாறு முழுவதையும் வகுத்தது எனலாம். ஆட்சியால் வடக்கோடும், மொழியாலும் குருதியாலும் தெற்கோடும் இது பிணைந்தது.

தீவின் பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பிறை வடிவில் நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் நிலம் அது. கீழ்ப்புறம் ஆழ்கடல், மேற்புறம் பவளப்பாறை அரணாய்ச் சூழ்ந்த அமைதியான கடற்கழி. அருகே விரிங்கிலி என்னும் சிறுதிட்டு ஒன்று உண்டு. அங்கே குடியிருப்பு இல்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மினிக்காயில் வாழ்ந்தோர் 10,447 பேர். அவர்கள் தம் தீவை மினிக்காய் என்று சொல்வதில்லை. மலிக்கு என்பதே அவர்கள் வழங்கும் பெயர்.

நெடுங்காலம் கண்ணனூர் அலி ராஜா குடும்பத்தாரின் ஆட்சியில் இருந்த இத்தீவு, பின்னர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. ஆழ்கடல் வழியே செல்லும் கப்பல்களுக்கு இப்பவளப்பாறைகள் பேரிடராக இருந்தமையால் 1885 இல் இங்குக் கலங்கரை விளக்கம் ஒன்று எழுப்பப்பட்டது. அது இன்றும் ஓங்கி நிற்கிறது. 1956 இல் ஒன்றியப் பகுதி அமைந்தபோது அதன் பெயர் இலக்கத்தீவு, மினிக்காய், அமினித்தீவுகள் என்று மும்மடியாகவே இருந்தது. 1973 இல்தான் இலட்சத்தீவு என்னும் ஒரே பெயர் வந்தது. பழைய பெயரில் மினிக்காய் தனித்து நின்றதற்குப் பொருள் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

சூரை வேட்டை

தொல்காப்பியர் வகுத்த திணைகளுள் நெய்தலுக்கு மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் தொழில்கள். மினிக்காய் மக்களின் மீன்பிடித்தல் நம் நெய்தல் நில மக்கள் அறிந்த வலைத்தொழில் அன்று. அவர்கள் தேடுவது சூரை மீன், அதிலும் வரிச்சூரை. கூட்டங் கூட்டமாய் ஆழ்கடலின் மேற்பரப்பில் விரைந்து திரியும் இம்மீனை அவர்கள் கழியும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாய்ப் பிடிக்கின்றனர். கேட்போர்க்கு இது சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும். உண்மையில் இது நுட்பமும் விரைவும் மிக்க கூட்டுத் தொழில்.

வேட்டை முதலில் தொடங்குவது கடற்கழியில். பவளப்பாறை இடுக்குகளிலும் அவற்றை அடுத்த நீரிலும் வாழும் விரல் நீளச் சிறு மீன்களை நுண்ணிய வலைகொண்டு உயிரோடு பிடிக்கின்றனர். இவை இரை மீன்கள். இவற்றைச் சாகவிடாமல் கொண்டு செல்ல வேண்டும். அதற்கெனத் தோணியின் அடிப்பகுதியில் ஓர் அறை உண்டு. அவ்வறையின் தளத்தில் துளைகள் இட்டிருப்பர். துளைகளைத் திறந்தால் கடல்நீர் உட்புகுந்து அறை குளமாகும். படகு செல்லச் செல்ல நீர் புதுப்பிக்கப்படும். இரை மீன்கள் நீந்திக்கொண்டே பயணம் செய்யும். படகின் அடியில் துளையிட்டு, அத்துளையாலேயே தொழில் நடத்தும் துணிவை என்னென்பது!

கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தைக் கண்டு சூரைக் கூட்டத்தை அறிகின்றனர். அணுகியதும் ஒருவர் இரை மீன்களை அள்ளி வீசுவார். வேறு சிலர் நீரை வாரி இறைப்பர். சிறு மீன்கள் துள்ளுவது போன்ற மயக்கத்தை அவ்விறைப்பு உண்டாக்கும். வெறிகொண்டு மேலெழும் சூரைகளின் நடுவே கழிகள் தாழும். தூண்டில் முள்ளில் எதிர்முள் கிடையாது. ஆதலின் வாய் கவ்விய மீனை ஒரே வீச்சில் தலைக்கு மேலாகப் படகினுள் எறிந்தால் அது தானே கழன்று விழும். கழி மீண்டும் கடலுக்குத் திரும்பும். சில நிமிடங்களில் படகு நிறைவதும் உண்டு. நாள் முழுதும் அலைந்து வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு.

கடலின் கொடையை வேரோடு வாரிக்கொள்ளாத முறை இது. ஆமையும் ஓங்கிலும் இதில் வீணே மடிவதில்லை. வேண்டிய மீன் மட்டுமே கரை சேரும். 1960 களுக்குப் பின் அரசு மீன்துறையின் முயற்சியால் இம்முறை மற்றத் தீவுகளுக்கும் பரவியது. மினிக்காயிலேயே 1969 இல் சூரை மீனை டின்களில் அடைக்கும் ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. ஆயினும் தீவின் அடையாளம் டின் மீன் அன்று; மாசிதான்.

மாசி ஆக்கும் முறையையும் சிறிது காண்போம். சூரையின் தலையும் குடலும் முள்ளும் நீக்கி, உடலை நீளவாட்டில் துண்டங்களாக்குவர். அவற்றைக் கடல்நீர் கலந்து கொதிக்க வைப்பர். வெந்த துண்டங்களைப் பரண்மேல் பரப்பித் தேங்காய் மட்டை முதலியவற்றின் புகையில் வாட்டுவர். பின்னர்ப் பல நாள் வெயிலில் காயவைப்பர். உப்பும் வெப்பும் புகையும் வெயிலும் ஆகிய நான்கும் சேர்ந்து மீனின் ஈரத்தை அறவே போக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் கெடாத பண்டம் அவ்வாறு உருவாகிறது. மீன் வெந்த நீரையும் அவர்கள் கொட்டுவதில்லை. மீண்டும் மீண்டும் காய்ச்சிக் குழம்பாக்கிச் சாறு ஒன்று எடுக்கின்றனர். ரிஹாக்குரு என்னும் அக்கருஞ்சாற்றைச் சோற்றோடு சேர்த்து உண்பர். இவ்வேலைகளில் பெண்களின் பங்கு பெரிது.

திவேஹி மொழியில் மீனுக்கு மஸ் என்று பெயர். அச்சொல்லே நம் நாவில் மாசியாயிற்று என்று கொள்வது பொருந்தும். அவர்கள் படகைத் தோணி என்கின்றனர். அதை நாம் விளக்க வேண்டுவதில்லை. பெரிய கலத்துக்கு அவர்கள் வழங்கும் ஓடி என்னும் சொல்லும் நம் ஓடத்தை நினைவூட்டுகிறது. மீனின் பெயர் அங்கிருந்து இங்கும், கலத்தின் பெயர் இங்கிருந்து அங்கும் போயின போலும். வணிகம் செல்லும் வழியில் சொற்களும் கூலியின்றி ஏறிச் செல்கின்றன.

ஆடவர் கடலில், மகளிர் ஊரில்

மினிக்காய் ஆடவரின் மற்றொரு தொழில் கலஞ்செலுத்துதல். பாய்க்கப்பல் காலத்தில் இவர்தம் ஓடிகள் மாசியையும் தேங்காயையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் வங்கத்துக்கும் பர்மாவுக்கும் சென்று அரிசியோடு மீண்டன. நெல் விளையாத மணல் நிலத்துக்கு அரிசி அவ்வாறுதான் வந்தது. பாய்க்கப்பல்கள் மறைந்த பின் அவர்கள் பன்னாட்டுச் சரக்குக் கப்பல்களில் மாலுமிகளாயினர். உலகின் துறைமுகங்கள் பலவற்றையும் பார்த்த முதியோர் இத்தீவின் வீடுதோறும் உளர் என்றால் அது மிகையன்று.

கடல்வழிப் பிரிவில் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் விதி கூறுகிறது. பொருள்வயிற் பிரிவைப் பாடம் சொல்லும்போது நாம் பிரிந்தவனின் பயணத்தையும் இருந்தவளின் கண்ணீரையும் விரிவாக விளக்குவோம். இருந்தவள் அந்நாள்களில் ஊரை எவ்வாறு நடத்தினாள் என்னும் வினா பாடத்தில் எழுவதில்லை. மினிக்காய் அவ்வினாவுக்குக் கண்கூடான விடையாக நிற்கிறது.

தீவில் 11 ஊர்கள் உள்ளன. ஊரை அவர்கள் அவா என்பர். நாம் ஊர் என்றவுடன் கருதும் தொலைவு இவற்றிடையே இல்லை. ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை. ஆயினும் ஒவ்வோர் அவாவும் தனி ஆட்சியுடையது. ஊர்மக்கள் தேர்ந்துகொள்ளும் தலைவர் பொடுகாகா. பொடு என்றால் பெரிய என்பது பொருள். பெண்களுக்குத் தலைவி பொடுதாத்தா. ஆண்களின் கூட்டமைப்பும் பெண்களின் கூட்டமைப்பும் தனித்தனியே இயங்குகின்றன. ஊருக்குப் பொதுவான மனை உண்டு. ஊரைத் துப்புரவு செய்தல், படகைக் கரையேற்றுதல், திருமணத்துக்கு உழைத்தல், விருந்தினரை எதிர்கொள்ளுதல் ஆகிய யாவும் பொதுக்கடன். யார் எதைச் செய்வது என்பதைத் தலைவரும் தலைவியும் பகிர்ந்தளிப்பர். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தமையனைக் காக்கா என்று விளிப்பதும், இலங்கை முஸ்லிம்கள் தமக்கையைத் தாத்தா என்று அழைப்பதும் ஈண்டு நினைவுக்கு வருகின்றன. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் மொழிநூல் முறையன்று என்பதால் இதனை இவ்வளவில் நிறுத்துகிறோம்.

மணமான ஆடவன் மனைவியின் வீட்டில் வாழ்வதே மலிக்கு மரபு. வீட்டுக்குப் பெயர் உண்டு. அப்பெயர் தாய்வழியே பிள்ளைகளுக்கு வரும். ஒருவரை இன்ன வீட்டார் என்றே ஊரார் அறிவர். முஸ்லிம் சமுதாயத்தில் இத்தகைய மரபா என்று வியப்போர் நம் காயல்பட்டினத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டில் வாழவைக்கும் வழக்கம் அங்கும் உண்டன்றோ? சபர் சென்ற கணவன் கொழும்பிலோ ஹாங்காங்கிலோ அரபு நாட்டிலோ இருக்க, மனைவி தன் தாயோடும் தமக்கை தங்கையரோடும் வாழ்வது அவளுக்குப் பாதுகாப்பு; பிள்ளைகளுக்கும் அரவணைப்பு. கடல் ஆடவனை அழைத்துக்கொள்ளும் ஊர்களில் வீடு தாயைச் சுற்றி அமைவது இயல்பே போலும்.

மார்க்கோ போலோ தம் பயண நூலில் ஆடவர் தீவு, மகளிர் தீவு என இரண்டினைக் குறித்துள்ளார். அவர் கூறிய மகளிர் தீவு மினிக்காயே என்று கருதுவோர் உளர். அஃது உறுதியன்று. கடலோடிகள் ஒருவர்க்கொருவர் சொல்லிச் சொல்லிப் பெருகிய கதையாகவும் இருக்கலாம். ஆயினும், ஆடவர் பலர் கடல்மேல் சென்றிருந்த ஒரு பருவத்தில் இங்குக் கரையிறங்கிய அயலான் ஒருவனுக்கு, ஊரும் வீடும் மகளிர் கையில் இருக்கக் கண்டு அத்தகைய எண்ணம் தோன்றியிருப்பின் அதில் வியப்பில்லை.

விழாநாள்களில் ஊர்களிடையே படகுப் போட்டி நடைபெறும். ஜஹாதோனி எனப்படும் நீண்ட போட்டித் தோணிகளை வண்ணம் தீட்டி அணிசெய்வர். ஒவ்வோர் ஊருக்கும் தன் தோணி உயிர் போன்றது. லாவா என்னும் ஆடவர் ஆட்டம் பறையொலியோடும் பலநிற உடைகளோடும் நிகழும்.

குடிநீர்

பவளத் தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. மழைநீர் மணலுள் இறங்கி, கீழே ஊறிநிற்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாய் மிதக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதே இதன் காரணம். கிணறு தோண்டுவோர் அப்படலத்தைத்தான் மொள்ளுகின்றனர். மிகுதியாக இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். எனவே நீரைச் சிக்கனமாய்க் கையாளுதல் அங்கே அறிவுரையன்று, உயிர்வாழ்வு. 2011 இல் சென்னையில் உள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தார் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றை அமைத்தனர். மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துள் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து குழாய்வழியே ஏற்றிய குளிர்ந்த நீரால் அவ்வாவியைக் குளிர்வித்து நன்னீர் பெறும் முறை அது. நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் தருமாறு அது வடிவமைக்கப்பட்டது.

நீரைவிட அஞ்சத்தக்க மாற்றம் கடற்கழியில் நிகழ்ந்து வருகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் அளவிறந்து வெப்பமுற்று இலட்சத்தீவின் பவளங்கள் பெரிதும் வெளிறின. பவளம் அழியின் அதனை அண்டி வாழும் இரை மீன் குறையும். இரை மீன் இன்றேல் கழித்தூண்டில் இல்லை. தூண்டில் இன்றேல் மாசியும் இல்லை.

மொழியும் எழுத்தும்

இலட்சத்தீவின் மற்றத் தீவினர் பேசுவது மலையாளத்தின் கிளையாகிய ஜெசரி. மினிக்காயின் மொழி முற்றிலும் வேறு. இந்தியாவில் அதனை மஹல் என்பர். மாலத்தீவின் திவேஹியும் இதுவும் ஒன்றே. சிறு வழக்கு வேறுபாடுகள் மட்டும் உண்டு. சிங்களத்தோடு உறவுடைய இந்தோ ஆரிய மொழி இது. திராவிட மொழிக் கடலின் ஓரத்தில் இந்திய எல்லைக்குள் இம்மொழிக்கு உரிய வாழிடம் இவ்வொரு தீவே.

இம்மொழியின் எழுத்துக்குத் தானா என்று பெயர். அரபியைப் போல வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ஆனால் அதன் மெய்யெழுத்துகளின் பிறப்பைக் கேட்போர் வியப்பர். முதல் 9 எழுத்துகள் அரபு எண்களாகிய 1 முதல் 9 வரையுள்ள குறிகளிலிருந்து ஆக்கப்பட்டவை. அடுத்த 9 எழுத்துகள் அம்மக்களின் பழைய எண்குறிகளிலிருந்து வந்தவை. உயிர்க்குறிகளோ அரபியின் ஸபர், ஸேர், பேஷ் குறிகளைத் தழுவியவை. எண்ணையே எழுத்தாக்கிக்கொண்ட இனம் வேறொன்று உண்டா என்பது எமக்குத் தெரியவில்லை. எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்று போற்றும் தமிழர் நாம். அவ்விரண்டையும் ஒரே கண்ணாக்கிய மக்களை அறிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோம்!

இத்தீவின் மைந்தர் ஒருவரை நம் இராமநாதபுரம் மாவட்டத்தார் நன்கு அறிவர். 1938 இல் மினிக்காயில் பிறந்த அலி மானிக்ஃபான் அவர்கள் மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். பின்னர் வேதாளையில் பல்லாண்டு வாழ்ந்தவர். பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காத அவர் தாமே முயன்று பல மொழிகளையும் கடலியலையும் கற்றார். மீனினம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பிரித்தானியப் பயணி டிம் செவரின் 1980 இல் ஓமனிலிருந்து சீனத்துக்குச் சென்ற சோஹார் என்னும் பாய்க்கப்பலை, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்து அமைத்த பணியில் தலைமை தாங்கியவர் இவரே. 2021 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கப்பலும் மீனும் மொழியும் தீவிலேயே தாம் கண்டும் கேட்டும் கற்ற கல்வி என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆனால் தீவின் பள்ளியில் மஹலின் நிலை என்ன? கல்வி மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடந்து வந்தது. மஹலுக்குக் கிடைத்தது ஒரு பாடத்தின் இடம் மட்டுமே. 2025 மே மாதத்தில் இலட்சத்தீவுக் கல்வித்துறை, மும்மொழித் திட்டத்தின்படி அவ்விடத்தில் இந்தி வரும் என ஆணையிட்டது. அரபிக்கும் அதே நிலை. அடுத்த மாதமே கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாலத்தீவில் மஹலின் உடன்பிறப்புக்கு ஒரு நாடும் நாளிதழ்களும் வானொலியும் உண்டு. ஆனால் நூறாண்டுக்கு முன் அங்கும் இங்கும் தடையின்றிச் சென்று வந்த தோணிகள் இன்று இல்லை. இடையே நாட்டெல்லை வந்துவிட்டது. 1976 இல் இரு நாடுகளும் கடல் எல்லையை உடன்படிக்கையால் வரையறுத்தன. ஆகவே மினிக்காய்ப் பிள்ளைக்குத் தானா எழுத்தைச் சொல்லித்தர அப்பள்ளியும் வீடும் பள்ளிவாசல் மதரஸாவும் அன்றி வேறிடம் இல்லை.

இத்தகைய இழப்பு நமக்குப் புதிதன்று. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழில் நம் முன்னோர் எத்துணை நூல்கள் செய்தனர்! மார்க்கச் சட்டமும் மருத்துவமும் தாலாட்டும் கடிதமும் அவ்வெழுத்தில் இருந்தன. கொழும்பிலிருந்து கணவர் எழுதிய மடல்களை நம் வீட்டுப் பெண்கள் அவ்வெழுத்திலேயே வாசித்தனர். அதனைத் தடைசெய்து எவரும் ஆணையிடவில்லை. எம் பாட்டியார் அதனைச் சரளமாக வாசிப்பார். எம் அன்னையார்க்குப் பழகிய நூலாயின் வாசிக்க வரும். எம் பரணில் உள்ள அவ்வேடுகளை இன்று நாம் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுகிறோம்.